வாய்ப்புண்ணும் வாளாவிருத்தலும்

மனித தேகத்தில் உண்டாகும் கொடிய வியாதிகளிற் பெரும்பாலானவை மறைந்திருந்து தாக்குபவை. ஈரலிலும் இரைப்பையிலும் கணையத்திலும் புற்று வளருமாயின், அது வெளியே தலைகாட்டுமுன் வைத்தியரின் கைக்கு எட்டாத தூரம் போய்விடுகிறது. அவ்வியாதிகளின் விஷயத்தில் நோயாளியையோ வைத்தியரையோ சர்க்காரையோ முழுவதும் குற்றஞ் சொல்ல இயலாது. வாயில் உண்டாகும் புற்றோ அத்தகையதன்று. கண்ணாடியில் பார்த்தால் அது தெரியும். விரலால் தடவினால் தட்டுப்படும். பல சமயங்களில் வருஷக்கணக்கில் முன்னதாகவே எச்சரிக்கை கொடுத்துவிட்டு வருகிறது. இவ்வளவு பகிரங்கமாக அறிவித்துவிட்டு வரும் ஒரு சத்துரு, நமது நாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோகிறான் என்றால், அதை விதியென்று சொல்லி அமர்ந்திருத்தல் தகுமா? தகாது என்பதே நமது அபிப்பிராயம்.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகமெங்கும் அவ்வருஷத்தில் உதட்டிலும் வாயினுள்ளும் புற்றுக் கண்டவர்கள் ஏறக்குறைய 3,89,000 பேர். அவர்களில் 1,43,000-க்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். அதாவது, உலகத்தில் இவ்வியாதிக்கு ஆளாகும் மூவரில் ஒருவர் நமது நாட்டவர். உலக ஜனத்தொகையில் நமது பங்கு ஆறில் ஒன்றுக்குச் சற்று அதிகம். வாய்ப்புற்றில் நமது பங்கு மூன்றில் ஒன்றுக்கும் மேல். இவ்வேற்றத்திற்குக் காரணம் நமது ரத்தத்திலோ சீதோஷ்ணத்திலோ இல்லை. நமது கன்னத்தில் நாமே அடக்கிவைக்கும் பொருளில் இருக்கிறது. இதைச் சொல்வதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்னரே இது ஐயந்திரிபற நிரூபிக்கப்பட்டாயிற்று.

எனினும், புகையிலையைப் பற்றிய பொதுவான உபதேசத்தை மீண்டும் ஒருமுறை செய்வது நமது நோக்கமன்று. அது பலகாலும் பலராலும் செய்யப்பட்டுவிட்டது. வாயில் ஒரு புண்ணையோ தடிப்பையோ ஒருவன் காண்பதற்கும், அஃது இன்னதென்று அவன் திட்டமாக அறிவதற்கும் இடையே ஒரேயொரு படி இருக்கிறது. அப்புண்ணிலிருந்து ஒரு சிறு சதைத்துணுக்கை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்ப்பதே அப்படி. வைத்தியர்கள் இதற்குப் பயாப்ஸி என்று பெயர் சொல்வார்கள். நமது நாட்டில் ஆயிரக்கணக்கானோர் தடுக்கி விழுவது இந்த ஒரு படியில்தான். இதையே இன்று நாம் ஆராய விரும்புகிறோம்.

வாயினுள் தோன்றும் மாறுதல்கள் பலவகைப்பட்டவை. சுரண்டினாலும் போகாத வெண்மையான தடிப்புக்கு லியூகோபிளேக்கியா என்று பெயர். வெல்வெட்டுத் துணிபோல் சிவந்து தோன்றுவது எரித்ரோபிளேக்கியா. மெல்லிய வெண்கோடுகள் வலைபோற் பின்னிக் கிடப்பது லைக்கன் பிளேனஸ். வாயின் உட்புறம் வெளுத்து, நார்போல் இறுகி, வரவர வாயைத் திறக்கவொட்டாமற் செய்யும் மற்றொரு நோயும் உண்டு. இவையன்றி, கூரிய பல் உராய்ந்து உண்டாகும் புண், பூஞ்சையால் வரும் வெண்படலம், க்ஷயரோகத்தால் உண்டாகும் புண், உமிழ்நீர் தேங்கி எழும் சிறு கொப்புளம், கன்னத்தைக் கடித்துக் கடித்து ஏற்படும் சதைமுண்டு ஆகியனவும் உள. இவற்றிற் பெரும்பாலானவை உயிருக்கு அபாயமில்லாதவை. சில மிக்க அபாயமானவை. அனுபவம் நிரம்பிய வைத்தியரும் கண்ணால் மட்டும் பார்த்து எல்லாவற்றையும் பிரித்தறிந்துவிட முடியாது. வெளியே ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வெண்தடிப்புகளில் ஒன்று சாதுவாகவும், மற்றொன்று புற்றின் முதற்படியாகவும் இருக்கக்கூடும். இந்த ஐயத்தைத் தீர்க்கும் நியாயஸ்தலம் பூதக்கண்ணாடியே.

பரிசோதனை முறையோ மிக எளியது. புண்ணிருக்கும் இடத்தை ஊசிமருந்தால் மரத்துப்போகச் செய்து, நோயுற்ற சதையும் நல்ல சதையும் சந்திக்கும் விளிம்பிலிருந்து, போதிய ஆழத்துடன் ஒரு துணுக்கை வெட்டியெடுக்கிறார்கள். அழுகிய நடுப்பாகத்திலிருந்து எடுத்தால் உண்மை தெரியாது. அத்துணுக்கைப் பார்மலின் திராவகத்தில் இட்டுக் கெடாமற் காத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு கனமுள்ள ஏடுகளாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள். உயிரணுக்களின் உட்கரு நீலமாகவும் மற்றப் பாகம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். அடியிலிருந்து மேல்நோக்கி ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கவேண்டிய அணுக்கள் ஒழுங்கு குலைந்திருக்கின்றனவா, எவ்வளவு உயரம் வரையில் குலைந்திருக்கின்றன, அடித்தளமாகிய மெல்லிய சவ்வைத் துளைத்துக் கீழே இறங்கிவிட்டனவா என்பவற்றைத் திசு நிபுணர் கவனிக்கிறார். சவ்வுக்கு மேலேயே ஒழுங்கு குலைந்து நின்றால் அது டிஸ்பிளேசியா, அதாவது எச்சரிக்கை. சவ்வைக் கடந்துவிட்டால் அது புற்று. மயிரிழையினும் மெல்லிய அச்சவ்வுக்கு மேலும் கீழுமாக ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் நிற்கின்றன என்றால் அது மிகையாகாது.

இப்பரிசோதனை எவ்வளவு தெளிவாகப் பேசும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வால்ட்ரன், ஷேபர் என்னும் இரு நிபுணர்கள் 3,256 லியூகோபிளேக்கியாத் துணுக்குகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் நூற்றுக்கு 80 பங்கு வெறும் தோல் தடிப்பே, டிஸ்பிளேசியா இல்லை. நூற்றுக்கு 12 பங்கில் டிஸ்பிளேசியா இலேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தது. நூற்றுக்கு நாலரைப் பங்கில் அது கடுமையாயிருந்தது. நூற்றுக்கு 3 பங்கு ஏற்கெனவே புற்றாகிவிட்டிருந்தது. அதே ஆண்டில் அவ்விருவரும் 65 எரித்ரோபிளேக்கியாத் துணுக்குகளைப் பார்த்தபொழுது, பாதிக்கு மேற்பட்டவை புற்றாகவும், எஞ்சியவற்றில் மிகப் பெரும்பாலானவை கடும் டிஸ்பிளேசியாவாகவும் இருக்கக் கண்டார்கள். இவ்விரண்டு கணக்குகளிலிருந்தும் நாம் அறியவேண்டுவன இரண்டு. வெண்தடிப்பைக் கண்டவுடன் மரணபயம் கொள்ளவேண்டியதில்லை என்பது ஒன்று. வலியில்லாத செந்தடிப்பை ஒருநாளும் அலட்சியம் செய்யலாகாது என்பது மற்றொன்று. பரிசோதனை செய்யாதவன் இவ்விரண்டு தவறுகளில் ஒன்றையோ இரண்டையுமோ செய்கிறான்.

இனி நமது தேசத்தின் கதைக்கு வருவோம். இது நமது அறிஞர்கள் பெருமை கொள்ளத்தக்க கதை. பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் மேத்தா முதலானோரும், டென்மார்க் தேசத்து நிபுணர் பிண்ட்பார்க்கும் ஒன்றுகூடி, கிராமங்களுக்கே சென்று வீடு வீடாக வாய்களைப் பரிசோதித்து, சந்தேகத்திற்கிடமானவற்றில் துணுக்கெடுத்துப் பார்த்தார்கள். குஜராத்தில் பவநகர், கேரளத்தில் எர்ணாகுளம், ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம், அந்நாளைய பீகாரில் சிங்பூம், தர்பங்கா ஆகிய ஐந்து ஜில்லாக்களில் அவர்கள் பார்த்த வாய்கள் 50,915. அதன் முடிவு 1969-ல் வெளியாயிற்று. புற்றும் லியூகோபிளேக்கியாவும் ஏறக்குறைய முற்றிலும் புகையிலைப் பழக்கமுள்ளவர்களிடத்தேதான் காணப்பட்டன என்பதே அது.

அதைவிட வியப்பானது நோய் தோன்றும் இடம். பீடி குடிப்பவர்களுக்கு வெண்தடிப்பு வாயின் இரு ஓரங்களில் வருகிறது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்குபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறோரத்திலும் வருகிறது. சுண்ணாம்பு கலந்த புகையிலையை உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே வைக்கும் பீகார் வாசிகளுக்கு அப்பள்ளத்திலேயே வருகிறது. ஸ்ரீகாகுளம் ஜில்லாவில் சுருட்டின் நெருப்புள்ள முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் பெண்களிடையே மிகுதி. அங்கே நோய் மேலண்ணத்தில் வருகிறது. மேலண்ணத்துக் கோளாறுகளையே பொருளாகக் கொண்டு, ஆந்திரத்தில் 10,169 கிராமவாசிகளைப் பரிசோதித்து எழுதிய கட்டுரையொன்று 1971-ல் வெளியாகியிருக்கிறது. ஆக, எந்த இடத்தில் சரக்கு வைக்கப்படுகிறதோ அந்த இடத்தில் புண் உண்டாகிறது. குற்றவாளியின் கைரேகை இதைக் காட்டிலும் தெளிவாக எங்கேனும் பதிந்ததுண்டா?

தமிழர்களாகிய நாம் இவ்விஷயத்தில் இன்னும் முற்பட்ட ஒரு சாட்சியத்திற்கு வாரிசுகளாக இருக்கிறோம். இன்று கன்னியாகுமரி ஜில்லாவிலுள்ள நெய்யூர், அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அங்கிருந்த மிஷன் ஆஸ்பத்திரியின் டாக்டர் பென்டால், 1908-லேயே திருவிதாங்கூரில் கண்ட புற்றுநோயாளிகளைப் பற்றி பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். 1933-ல் அதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் ஆர் என்பவர், வெற்றிலைபாக்குப் போடுவோருக்கு உண்டாகும் வாய்ப்புற்றின் காரணத்தையும் சிகிச்சையையும் லான்செட் பத்திரிகையில் விவரித்தார். நாஞ்சில் நாட்டு உழவனின் கன்னத்திலிருந்த புண் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே லண்டன் பத்திரிகையில் ஏறிவிட்டது. அவனுடைய கொள்ளுப்பேரனின் கன்னத்திலிருக்கும் புண் இன்னும் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரியின் புஸ்தகத்தில் ஏறவில்லை.

புகையிலை சேராத பாக்குத் தீங்கற்றது என்றெண்ணுவோர் நம்மில் அநேகர். இவ்வெண்ணத்தை உடனே விட்டொழிக்க வேண்டும். வாயை இறுகச் செய்யும் நோயை நாம் மேலே குறிப்பிட்டோம். 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கீழ் ஆப்பிரிக்காவில் குடியேறிய ஐந்து இந்தியப் பெண்களிடம் அதைக் கண்டு வர்ணித்தார். 1953-ல் நமது நாட்டு டாக்டர் ஜோஷி அதைப் பற்றி எழுதினார். பூதக்கண்ணாடியில் பார்த்தால், மேல்தோல் மெலிந்து, அதன் கீழேயுள்ள மெல்லிய திசு தடித்த நார்க்கட்டாக மாறி, ரத்தக் குழாய்கள் நெருக்குண்டு கிடப்பது தெரியும். இதற்கு முக்கிய காரணம் பாக்கு. எர்ணாகுளம் ஜில்லாவில் இந்நோய் கண்ட 66 பேரை 17 வருஷம் வரையில் பின்தொடர்ந்து பார்த்ததில், நூற்றுக்கு 7.6 பங்கினருக்குப் புற்று உண்டாயிற்றென்று 1985-ல் தெரிவிக்கப்பட்டது. சர்வதேச ஸ்தாபனத்தார் 2004-ல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுண்டாக்கும் பொருளே என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். முன்னாளில் வயது சென்றவர்களின் நோயாயிருந்த இந்த வாயிறுக்கம், பாக்குத்தூள் பொட்டலங்கள் வந்தபிறகு, மீசை அரும்பாத பிள்ளைகளிடத்தும் காணப்படுகிறது. கவளம் சோற்றை வாயில் வைக்க இயலாமல், இரண்டு விரல் நுழையாத வாயோடு ஆஸ்பத்திரிக்கு வரும் இருபது வயது வாலிபனைக் கண்ட எந்த வைத்தியரும் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்.

நோயின் காரணம் தெரிந்ததோடு நின்றிருந்தால் நாம் வருந்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம். பரிகாரமும் நமது நாட்டிலேயே நிரூபிக்கப்பட்டிருக்கிறது. மேற்சொன்ன ஆராய்ச்சிக் கூட்டத்தாரே, புகையிலைப் பழக்கமுள்ள 36,000 கிராமவாசிகளை அணுகி, பழக்கத்தை விடும்படி நேரிலும் கூட்டங்களிலும் எடுத்துரைத்துப் பார்த்தார்கள். பழக்கத்தை விட்டவர்களிடமும் குறைத்தவர்களிடமும் வெண்தடிப்பு புதிதாகத் தோன்றுவது தெளிவாகக் குறைந்தது என்று 1986-ல் லான்செட் பத்திரிகையில் அறிவித்தார்கள்.

அதற்கும் மேலான சாட்சியம் திருவனந்தபுரம் ஜில்லாவில் கிடைத்தது. அங்கே 1996-ல் தொடங்கி, 13 பஞ்சாயத்துகளில் 7-ஐ ஒரு பக்கமும் 6-ஐ மற்றொரு பக்கமும் நிறுத்தி ஒரு பெரிய பரீட்சை நடத்தப்பட்டது. 7 பஞ்சாயத்துகளில், வைத்தியரல்லாத, ஆனால் தக்க பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீட்டுக்கு வீடு சென்று, கைவிளக்கின் ஒளியில் வாயைப் பார்த்து, சந்தேகமுள்ளவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். வேண்டியவர்களுக்குத் துணுக்குப் பரிசோதனை செய்யப்பட்டது. மற்ற 6 பஞ்சாயத்துகளில் வழக்கம்போல் விடப்பட்டது. 2005-ல் வெளியான முடிவு யாது? புகையிலை அல்லது மதுப்பழக்கம் உள்ளவர்களிடையே, வாய்ப்புற்றால் நேரும் மரணம் பார்க்கப்பட்ட பஞ்சாயத்துகளில் நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது. எல்லா ஜனங்களையும் சேர்த்துப் பார்த்தபொழுது வித்தியாசம் திட்டமாகத் தெரியவில்லை. ஆகையால் யாரிடத்தில் கவனம் செலுத்தவேண்டும் என்பதையும் அப்பரீட்சையே கற்பித்தது. கோடிக்கணக்கில் பணம் விழுங்கும் யந்திரம் எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. கைவிளக்கும், கற்ற கண்ணும், சிறு கத்தியும், ஒரு புட்டி பார்மலினும், ஒரு பூதக்கண்ணாடியும் போதுமாயிருந்தன.

இவ்வளவும் தெரிந்தபின் நாம் செய்தது என்ன? 2019 முதல் 2021 வரையில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயது வரையுள்ளவர்களிடம் புற்றுநோய்க்காக வாய்ப் பரிசோதனை எப்போதாவது செய்துகொண்டதுண்டா என்று கேட்டார்கள். ஆண்களில் நூற்றுக்கு 1.2 பேர் உண்டென்றார்கள். பெண்களில் நூற்றுக்கு 0.9 பேர். ஆயுளில் ஒருமுறை கூட ஒருவரும் விளக்குப் பிடித்துப் பார்க்காத வாய்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல்! இதே நாட்டில்தான் 300-க்கு மேற்பட்ட பல்வைத்தியக் கலாசாலைகள் நடைபெறுகின்றன. வாயின் திசு நோய்களை ஆராய்வதற்கென்றே தனிப் பட்டமும் தனி இலாகாவும் அவற்றில் உண்டு. கற்றவர்கள் இல்லை என்று சொல்ல இயலாது. கற்றவர்களும் காணவேண்டியவர்களும் சந்திப்பதில்லை என்பதே குறை.

ஏழைத் தொழிலாளி ஒருவனை எண்ணிப் பாருங்கள். காலை முதல் மாலை வரை பாரம் சுமப்பவன், பசியையும் அசதியையும் மறக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்குகிறான். புண் வருகிறது, வலிப்பதில்லை, ஆகையால் கவலையும் இல்லை. பின்னர் மருந்துக்கடையில் தைலம் வாங்கித் தடவுகிறான். வைட்டமின் மாத்திரை விழுங்குகிறான். ஒருநாள் கூலியை இழந்து ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகிறான். துணுக்கு எடுக்கிறார்கள், இரண்டு வாரங் கழித்து முடிவு வாங்க வா என்கிறார்கள். புண்ணின் ஓரம் ஆறத் தொடங்கியதும், மற்றொரு நாள் கூலியை இழந்து காகிதம் ஒன்றை வாங்கப் போவதற்கு அவன் மனம் துணிவதில்லை. அவனுடைய மரணத்தை அறிவிக்கும் காகிதம் அலமாரியில் கிடக்கிறது. அவனோ கட்டடத்தின் மேல் செங்கல் சுமக்கிறான். ஆறு மாதங் கழித்துத் தாடை வீங்கிக் கழுத்தில் கட்டி எழுந்தபின் வருகிறான். நமது நாட்டில் வாய்ப்புற்று நோயாளிகளிற் பெரும்பான்மையோர் முற்றிய நிலையிலேயே வருகிறார்கள் என்பதை எல்லாப் பெரிய ஆஸ்பத்திரிகளும் சொல்கின்றன. ஆரம்பத்தில் ஒரு சிறு வெட்டோடு முடிந்திருக்கவேண்டியதற்குப் பாதித் தாடையை எடுக்கவேண்டி வருகிறது. எடுத்தும் பலர் பிழைப்பதில்லை.

கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பயமும் ஜனங்களிடையே பலமாக இருக்கிறது. துணுக்கெடுத்த பிறகு நோய் முற்றி இறந்தவர்களைக் கண்டு இப்பயம் பிறந்தது. அவர்கள் இறந்தது துணுக்கெடுத்ததனால் அன்று. அதற்கு முன் கடத்திய மாதங்களாலும், அதற்குப் பின் சிகிச்சைக்கு வராமற்போனதாலுமே. இதை நமது ஊழியர்கள் கிராமந்தோறும் விளக்கிச் சொல்லவேண்டும். அதே சமயத்தில் இப்பரிசோதனையின் எல்லையையும் மறைக்கலாகாது. தவறான இடத்தில் எடுத்த துணுக்கு தவறான ஆறுதலைத் தரும். புற்றில்லை என்று எழுதி வந்தபின்னும் புண் ஆறாவிட்டால் மறுபடியும் எடுத்துப் பார்க்கவேண்டும். டிஸ்பிளேசியாவின் தரத்தை நிர்ணயிப்பதில் இரு நிபுணர்கள் மாறுபடுவதுண்டு. டிஸ்பிளேசியா என்பது தண்டனையுமன்று, ஜோசியமுமன்று; கண்காணிக்கவேண்டும் என்னும் கட்டளை. பழக்கம் எதுவும் இல்லாதவர்களுக்கும் அபூர்வமாக நாக்கில் புற்று வருவதுண்டாகையால், நோயாளியைக் கண்டவுடன் குற்றவாளியைப்போல் விசாரிப்பது மனிதத்தன்மையாகாது.

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்பது மூன்றே விஷயங்கள். முதலாவது, கிராம சுகாதார ஊழியர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பதுபோல், புகையிலையோ பாக்கோ உபயோகிக்கும் ஒவ்வொருவரின் வாயையும் குறித்த காலத்தில் பார்த்து, பார்த்ததைப் பதிவு செய்யவேண்டும். இது தேசியத் திட்டத்தில் எழுத்தளவில் ஏற்கெனவே இருக்கிறது; எழுத்து செயலாக வேண்டும். இரண்டாவது, தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் துணுக்கெடுக்கத் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும். அத்துணுக்கு ஜில்லா ஆஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள பல்வைத்தியக் கலாசாலைக்கோ சர்க்கார் செலவில் போய், ஒரு வாரத்திற்குள் முடிவு திரும்பவேண்டும். மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. முடிவைத் தேடி நோயாளி வருவது போய், நோயாளியைத் தேடி முடிவு போகவேண்டும். கைப்பேசி இல்லாத வீடு அருகிவிட்ட இக்காலத்தில், புற்றென்று எழுதப்பட்ட காகிதம் கேட்பாரற்றுக் கிடப்பதற்கு எவ்விதச் சமாதானமும் இல்லை. துணுக்கு எத்தனை எடுத்தோம் என்று கணக்குக் காட்டும் உத்தியோகஸ்தர், முடிவு தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சை தொடங்கினார்கள் என்ற கணக்கையும் காட்டும்படி செய்தல் வேண்டும். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கண்ட நாடு, இதைச் செய்ய வல்லமையற்றதென்று நாம் ஒப்பமாட்டோம்.

சட்டத்தின் நிலையையும் சிறிது பார்ப்போம். உணவுப்பொருளில் புகையிலையும் நிகோடினும் கூடா என்று 2011-ல் மத்திய சர்க்கார் விதி செய்தது. அதைப் பற்றிக்கொண்டு 2012 முதல் ராஜ்யங்கள் ஒவ்வொன்றாகக் குட்காவைத் தடுத்தன. தமிழ்நாடு 2013-ல் தடுத்தது. உடனே வியாபாரிகள் பாக்குத்தூளை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை மற்றொரு பொட்டலத்திலும் கட்டி, இரண்டையும் அடுத்தடுத்துத் தொங்கவிட்டார்கள். தடையோ உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஓராண்டுக்குப் பிறப்பிக்கும் உத்தரவு. வருஷந்தோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஒரு நாட்டின் ஜனங்களைக் கொல்லும் சரக்கைப் பற்றிய சட்டம், குத்தகைச் சீட்டுப்போல் ஆண்டுக்காண்டு ஆயுள் வாங்கி நிற்பது அழகன்று. சட்டசபைகளும் பார்லிமெண்டும் நிலையான சட்டம் ஒன்றைத் துணிந்து இயற்ற வேண்டும். அதில் புகையிலையோடு பாக்குத்தூள் பொட்டலமும் சேர்ந்தாலன்றிப் பயனில்லை.

பாக்கு விவசாயிகளின் கதி என்ன என்று கேட்பார்கள். உலகத்தில் அதிகமாகப் பாக்கு விளைவிக்கும் தேசம் நமதே. கர்நாடகத்திலும் கேரளத்திலும் அஸ்ஸாமிலும் எத்தனையோ குடும்பங்கள் அதனால் பிழைக்கின்றன. வெளிநாட்டுப் பாக்கு மலிவாக வந்து விழாதபடி குறைந்தபட்ச இறக்குமதி விலையை மத்திய சர்க்கார் விதித்திருக்கிறது. விவசாயியைக் காப்பது சர்க்காரின் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கையால் பாக்கைக் காத்து, மறுகையால் பாக்கினால் வந்த புற்றுக்கு ஆஸ்பத்திரி கட்டுவது எந்த அர்த்த சாஸ்திரத்திலும் சேராது. மாற்றுப் பயிருக்குச் செல்ல விரும்பும் விவசாயிக்கு மரம் வளரும் காலம் வரையில் கைகொடுத்து உதவுவதே நேர்மையான வழி. அது ஒரு நாளில் ஆகாது. ஒரு நாள் தொடங்காவிடில் ஒருநாளும் ஆகாது.

தாம்பூலம் நமது பண்பாடன்றோ என்று வேறு சிலர் கேட்பார்கள். நிச்சயதாம்பூலமும் விருந்தின் பின் நீட்டும் தட்டும் மரியாதையின் அடையாளங்கள். தட்டில் வைத்து உபசரிப்பது வேறு. விழித்த நேரமெல்லாம் கன்னத்தில் அடக்கி வைப்பது வேறு. பண்பாட்டின் பெயரைச் சொல்லி, பண்பாடறியாத பொட்டல வியாபாரத்திற்குக் குடைபிடிக்கலாகாது. மரியாதை வெற்றிலையில் இருக்கிறது. நோய் பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியும் சக்தி நமது ஜனங்களுக்கு இல்லை என்று நாம் நினைக்கவில்லை.

கடைசியாக, பொதுவாழ்வில் ஈடுபட்டிருக்கும் நமது தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனங்களோடு அன்றாடம் கலந்து பழகுபவர்கள் நீங்கள். தொழிற்சங்கக் கூட்டத்திலும், கிராம சபையிலும், வாக்குக் கேட்டுச் செல்லும் வீதியிலும், சிவந்த பற்களையும் திறக்க முடியாத வாய்களையும் உங்கள் கண்கள் நாள்தோறும் காண்கின்றன. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, சுரண்டினால் போகாத வெள்ளையோ சிவப்போ, வரவரச் சுருங்கும் வாயோ கண்டால், அவரைத் துணுக்குப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; முடிவை வாங்கி அவர் கையில் கொடுங்கள்; சிகிச்சை தொடங்கும் வரையில் விடாதீர்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பார்மலின் புட்டி இருக்கிறதா, சென்ற மாதம் எடுத்த துணுக்குகளின் முடிவுகள் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்று கேளுங்கள். பதில் வராவிடில் சட்டசபை அங்கத்தினரிடம் கேளுங்கள், மந்திரியிடம் கேளுங்கள், எங்களுக்கும் எழுதுங்கள். நோய் தன் வருகையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டும் வாளாவிருப்போமாயின், ஆண்டுதோறும் போகும் அந்த எண்பதினாயிரம் உயிர்களுக்கும் புகையிலை வியாபாரியோடு நாமும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களே ஆவோம்.